பக்கத்து நிரை, பக்கத்து மிஷின்

விடிகாலையில் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர் ஆத்துமேட்டில் நின்று பார்த்தால், பள்ளிக்கூட வண்டிகள் கிளம்புவதற்கு வெகு முன்பே மில் வண்டிகள் ஆள் ஏற்றிக்கொண்டு போவது தெரியும். தலையில் ஈரம் காயாத பெண்கள், மடியில் தூக்குவாளி, கழுத்தில் அடையாள அட்டை. ஒரே வண்டியில் வருஷக்கணக்காகப் போய்வருகிறவர்கள் ஒருவரையொருவர் அக்கா, மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். உள்ளே போனபின் யார் எந்த மிஷினில் நிற்பது, யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்பது அவர்கள் கையில் இல்லை.

அவர்களுடைய பாட்டிகள் காலத்தில் அது ஓரளவு கையில் இருந்தது. ‘ஓரளவு’ என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வட்டாரத்துக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர்தான். வேறு பயிர் முகம் சுளிக்கும் அந்தத் தண்ணீர், வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கு ஒத்துவரும். திண்டுக்கல் புகையிலைக்குப் பேர் வந்ததில் மண்ணுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தத் தண்ணீருக்கும் உண்டு. ராஜமுந்திரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் தன்னுடைய ஆய்வு நிலையம் ஒன்றை 1948இல் வேடசந்தூரில் தொடங்கியது. சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, அல்லது அப்போதுதான் ஆகியிருக்கும். அந்த நேரத்திலேயே இந்தச் சின்ன ஊருக்கு விஞ்ஞானிகளைக் கொண்டுவந்தது புகையிலைதான்.

புகையிலை ஓயாமல் ஆள் கேட்கும் பயிர். நட வேண்டும், களை எடுக்க வேண்டும். பூ எடுக்கப்போகும் நேரம் பார்த்து, எட்டுப் பத்து இலையை நிறுத்திவிட்டு நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளினால் செடி சும்மா இருக்காது, இலைக்கக்கத்தில் பக்கச் சிம்பு வெடிக்கும். அதை ஒடித்தால் இன்னொன்று வரும். சிம்பு ஒடிக்கத் திரும்பத் திரும்ப வயலுக்குள் இறங்கியாக வேண்டும். அறுவடையில் செடியைத் தண்டோடு வெட்டி, வயலிலேயே வாட விட்டு, பந்தலில் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு அடுக்கிப் பதப்படுத்த வேண்டும். அடுக்கியதைப் பிரித்து, மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றி அடுக்குவது தனியாள் வேலையே இல்லை. பச்சை இலையின் பிசின் கையில் கறுப்பாய் ஒட்டிக்கொள்ளும். ஈர இலைக்குள் நெடுநேரம் நின்றால் நிக்கோட்டின் தோல் வழியே ஏறித் தலை சுற்றும், வாந்தி வரும். அப்போது பக்கத்து நிரைக்காரிதான் வரப்போரம் உட்காரவைத்து, விட்டுப்போன நிரையையும் தன்னுடையதோடு சேர்த்து முடித்துக்கொடுப்பாள்.

சிறு விவசாயக் குடும்பங்களுக்குள் கூலி இல்லாத கணக்கும் ஒன்று ஓடியது. இன்றைக்கு நீ என் காட்டுக்கு வா, நாளைக்கு நான் உன் காட்டுக்கு வருகிறேன். தாளில் எழுதிவைக்காத கணக்குத்தான், ஆனாலும் யாரும் மறக்கமாட்டார்கள். வராமல் ஏமாற்றியவளுக்கு அடுத்த அறுவடையில் ஆள் சேராது. கூலி வேலையிலும் ஒரு கொத்தாகத்தான் போவார்கள். கொத்துக்கு ஒரு மூத்தவள் இருப்பாள். காட்டுக்காரரிடம் கூலி பேசுவது அவள், மெதுவாகச் செய்யும் கர்ப்பிணியை ஓரத்து நிரையில் நிறுத்துவது அவள், எந்தக் கணுவில் கிள்ள வேண்டும் என்று புதுப்பெண்ணுக்குக் கைபிடித்துக் காட்டுவதும் அவள். இன்றைய அலுவலகங்களில் குழுத்தலைவர் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதில் பாதி அந்த மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அந்த ‘ஓரளவு’. கொத்து என்பது பெரும்பாலும் ஒரே தெரு, ஒரே சாதி. பக்கத்து நிரைக்காரியைத் தேர்ந்தெடுத்தது நட்பு இல்லை, பிறப்பு. காட்டுக்காரர் வீட்டுச் சிறுபிள்ளை, பேரன் எடுத்த கிழவரைப் பேர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்ட காலம் அது. தண்ணீரைத் தூக்கி ஊற்றினால் கையேந்திக் குடித்தவர்கள் எந்தக் காட்டிலும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், அது எந்த வரப்போடு நின்றுபோனது என்று சொல்வதில்லை. நிரைக்குள் அவ்வளவு அனுசரணை, நிரையைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே வயலில்தான் நடந்தன.

1990களுக்குப் பிறகு ஊரின் வேலை மாறியது. கிணறுகள் ஆழத்துக்குப் போயின. வறண்ட நிலம் மலிவாகக் கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. தொழிற்சங்கம் வேரூன்றியிருந்த கோயம்புத்தூரைவிட, அது எட்டாத கிராமங்கள் முதலாளிகளுக்குச் சௌகரியம். நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, பின்னால் ஆயத்த ஆடை ஆலைகளும் வந்தன.

நூற்பாலைக்குள் முதலில் காணாமல் போவது பேச்சு. ரிங் ஃபிரேம் ஓடும் இடத்தில் காதோரம் கத்தினாலும் கேட்காது. அதனால் கையாலும் கண்ணாலும் உதட்டசைவாலும் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். ஃபிரேமின் ஒரு பக்கத்தை, அதாவது சைடை, பார்க்கும் பெண்ணுக்கு இத்தனை கதிர் என்று கணக்கு. வரிசை நெடுக நடந்துகொண்டே இருக்க வேண்டும், இழை அறுந்த இடத்தில் நின்று ஒட்ட வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். பஞ்சு பறந்து புருவத்தில் படியும். இதற்கிடையில் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் ஒரே வழி, பக்கத்துச் சைடுக்காரியிடம் சாடை காட்டிவிட்டுப் போவதுதான். அவள் தன் சைடையும் பார்த்து இவள் சைடையும் பார்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் பக்கம் நாலு இழை கூடுதலாக அறுந்தால், நஷ்டம் அவள் கணக்கில் ஏறும்.

வயலுக்கும் ஆலைக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வயலில் ஒருத்திக்கு இன்னொருத்தி உதவினால் வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம். ஆலையில் ஒவ்வொருத்திக்கும் தனித்தனி உற்பத்திக் கணக்கு. உதவி என்பது தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகிவிட்டது. அப்படியும் கொடுத்தார்கள், மேஸ்திரி கண்ணில் படாமல். இரண்டு பேர் அடிக்கடி சாடை பேசிக்கொண்டால் ஒருத்தியை வேறு ஃபிரேமுக்கு மாற்றிவிடுவது பல ஆலைகளின் வழக்கம். சேர்ந்து வேலை பார்ப்பது ஒளித்துச் செய்யும் காரியமாயிற்று.

ராத்திரி வேலையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண்களைக் காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் ஆலையில் வைத்திருக்கக் கூடாது என்றது. அதன் 66ஆம் பிரிவிலிருந்த அந்தத் தடை, பெண்களுக்கு வேலை வாய்ப்பைக் குறைக்கிறது, சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. கூடவே சில நிபந்தனைகளையும் போட்டது. ராத்திரி ஷிப்டில் பெண்களை வைத்தால் பத்துப் பேருக்குக் குறையாத தொகுப்பாக வைக்க வேண்டும், அந்த ஷிப்டின் மொத்த ஆளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வெளிச்சம், காவலாள், வாகனம் என்று அடுக்கிக்கொண்டு போகும் பட்டியலில், சக பெண்கள் கூட இருப்பதையே ஒரு பாதுகாப்புக் கருவியாக நீதிமன்றம் சேர்த்திருக்கிறது. நிரையில் தலைசுற்றி உட்கார்ந்தவளைக் கேட்டால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் போதுமா? ஆலை விடுதிகளைப் பார்த்தால் போதாது என்று தெரிகிறது. ‘சுமங்கலி’ என்றும் ‘திருமண உதவி’ என்றும் வெவ்வேறு பெயரில் ஓடிய திட்டத்தின் அமைப்பு இதுதான்: பதினைந்து பதினாறு வயதிலிருந்து பெண்களைச் சேர்த்து, மூன்று வருஷம் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தருவது. சில மாதங்களில் கற்றுவிடக்கூடிய வேலைக்கு மூன்று வருஷமும் ‘பயிற்சியாளர்’ என்றே பேர். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் அந்நாட்டு இந்தியக் குழுவும் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதை வெளிநாட்டுக் கடைகள்வரை கொண்டுபோனது. வெளியே போக அனுமதி இல்லை, போன் பேசக் கட்டுப்பாடு, ஓய்வில்லாத ஷிப்டு என்று அதில் பதிவான விஷயங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு.

விடுதி அறையில் ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் படுத்தார்கள். சோப்பையும் சீப்பையும் பகிர்ந்தார்கள், காய்ச்சல் வந்தவளுக்குக் கஞ்சி வாங்கி வந்தார்கள், அழுதவளோடு சேர்ந்து அழுதார்கள். பத்துப் பேர் நிபந்தனை தாராளமாக நிறைவேறியது. ஆனால் கடைசியில் கிடைக்கும் அந்த மொத்தப் பணம் ஒவ்வொருத்தியையும் தனியாக்கியது. நடுவில் போனால் பணம் போய்விடும். பக்கத்துப் படுக்கைக்காரிக்கு நடந்ததைப் பற்றிச் சாட்சி சொன்னால் இரண்டரை வருஷ உழைப்பு போய்விடும். அன்பு இருந்தது, அதைக் காட்டுவதற்கு விலை வைத்துவிட்டார்கள். சக ஊழியரோடு உறவைப் பேணுவது எப்படி என்று எழுதுகிறவர்கள் புன்னகை, பொறுமை, காது கொடுத்துக் கேட்பது என்று குணங்களையே சொல்கிறார்கள். இந்தப் பெண்களுக்கு அந்தக் குணங்கள் எதிலும் குறை இல்லை.

2021ஆம் ஆண்டு ஜனவரியில், வேடசந்தூர் வட்டாரத்தில் இருந்த நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையில் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அந்தப் பெண் தனக்கு நேர்ந்த தொல்லையைச் சக தொழிலாளிகளிடம் சொல்லியிருந்தார் என்பது பிறகு வெளியே வந்தது. தெரிந்தவர்கள் இருந்தும், தெரிந்ததை எடுத்துச் சொல்ல ஓர் இடம் இல்லை. சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடப் பாலியல் தொல்லை பற்றி உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தந்த தீர்ப்பு 1997இல் வந்துவிட்டது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பல ஆலைகளில் அந்தக் குழு அறிவிப்புப் பலகையில் பெயர்களாக இருந்தது. அந்தப் பெயர்களை எழுதியது நிர்வாகம். மேஸ்திரியைப் பற்றிய புகாரை மேஸ்திரிக்கு மேலிருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் கொலைக்குப் பிறகு போராட்டத்தில் இறங்கிய தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள், அதிலும் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம். ஆசிய அளவில் கூலி உரிமைக்காக வேலை செய்யும் ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் அமெரிக்காவிலிருந்து இயங்கும் குளோபல் லேபர் ஜஸ்டிஸும் அதோடு சேர்ந்துகொண்டன. ஆலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும், அங்கே துணி வாங்கிய எச் அண்டு எம் நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, கேப், பிவிஎச் நிறுவனங்கள் பின்னால் சேர்ந்தன. இவற்றுக்குத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே உலகத்தில் பேர். ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019இல் ஜீன்ஸ் ஆலைகளுக்கு இதே போன்ற ஏற்பாடு வந்திருந்தது. ஆசியாவில் இதுதான் முதல். ஈஸ்ட்மேனின் இந்த ஆடை ஆலையோடு அதன் திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளும் இதற்குள் வந்தன. சேர்த்துப் பார்த்தால் ஐயாயிரம் தொழிலாளிகளுக்கு மேல், பெரும்பாலோர் பெண்கள்.

ஒப்பந்தத்தின் பக்கங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஓர் எண்: 25க்கு 1. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் என்று, தையல் வரிசையிலேயே வேலை பார்க்கும் பெண்களிலிருந்து கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும். அவர் மேஸ்திரி இல்லை, அதிகாரி இல்லை, அவரும் மிஷினில்தான் உட்கார்ந்திருப்பார். வரிசையில் யாராவது கூச்சல் போட்டால், தொடக்கூடாத இடத்தில் தொட்டால், சாதியைச் சொல்லித் திட்டினால், அதைக் கவனித்து எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பு. அங்கேயே பேசித் தீர்க்கக்கூடியது அங்கேயே தீரும். தீராதது நிர்வாகத்தோடு நடக்கும் கூட்டத்துக்குப் போகும், அதற்கும் மேலே வெளியார் இருக்கும் உள்ளகக் குழுவுக்கும் சுயேச்சையான மதிப்பீட்டாளர்களுக்கும் போகும். புகார் சொன்னதற்காகவோ, புகாருக்குத் துணை நின்றதற்காகவோ யாரையும் பழிவாங்கக் கூடாது. ஆலை இதை மீறினால் துணி வாங்கும் நிறுவனங்கள் வியாபார ரீதியில் நடவடிக்கை எடுக்கக் கட்டுப்பட்டவை. பயிற்சி தொழிலாளிகளுக்கு மட்டும் இல்லை, மேற்பார்வையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் உண்டு.

கொத்தின் மூத்தவள் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. பழைய மூத்தவளுக்குப் பின்னால் வயதும் உறவுமுறையும் இருந்தன. அவள் அதிகாரம் சொந்தத் தெருவோடு முடிந்தது. இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. அவள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து பேர் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று அந்தக் காகிதம் கேட்பதில்லை. சொல்லப்போனால், சாதியும் புலம்பெயர்ந்து வந்த நிலையும் பாகுபாட்டுக்குக் காரணமாகக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. சொந்தக்காரியாக இல்லாதவளுக்காகவும் எழுந்து நிற்க வேண்டும் என்பது இந்த மண்ணில் பெரிய சங்கதி.

முதல் வருஷத்தில் 185 குறைகள் வந்தன. அவற்றில் 182 தீர்க்கப்பட்டன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். எல்லாமே பாலியல் தொல்லை பற்றியவை இல்லை, மற்றப் பணியிடக் குறைகளும் உண்டு. ஒரு நிர்வாகி இந்த எண்ணிக்கையைப் பார்த்து, ஒரே வருஷத்தில் இத்தனை பிரச்சினையா என்று முகம் சுருக்கக்கூடும். நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். புகாரே வராத ஆலைதான் பயப்பட வேண்டிய ஆலை.

மேஸ்திரிமார் தரப்பையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. தையல் ஆலையில் மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட். வெளிநாட்டுக் கம்பெனி விலையைக் குறைத்து நாளையும் குறைத்தால், அந்த அழுத்தம் மேலாளர் வழியாக மேற்பார்வையாளர் தொண்டையில் வந்து இறங்கும். கத்தினால் வேலை வேகமாக நடக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான் கத்தினார். கூச்சல் போடாமல் வேலை வாங்குவது எப்படி என்று அவருக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. டார்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அவரை மட்டும் திருத்த முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒப்பந்தத்தில் துணி வாங்குகிறவர்களின் கையெழுத்தும் இருந்தது அதனால்தான் முக்கியம்.

இது மனமாற்றத்தில் விளைந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் உயிர் போய், ஒரு வருஷத்துக்கு மேல் பல நாடுகளில் போராட்டம் நடந்து, ஆர்டர் போய்விடும் என்ற நிலை வந்த பிறகு விளைந்தது. கையெழுத்தான சில மாதங்களில், 2022 ஜூலையில், கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் இந்த ஆலையின் சரக்கை உள்ளே விட வேண்டாம் என்று அமெரிக்கச் சுங்கத்துறை உத்தரவு போட்டது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்திருந்த மாற்றங்களைக் காட்டிய பிறகு செப்டம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. தடை நீடித்திருந்தால் வேலை இழந்திருக்கக்கூடியவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்கள் கட்டியெழுப்பிய ஏற்பாடே அவர்கள் வேலையையும் காப்பாற்றிக் கொடுத்தது.

இதற்குள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர் மாறிவிட்டார். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் என்று வெளி மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் இன்று இந்த வட்டார ஆலைகளில் நிறைய இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் வண்டியில் வீடு திரும்புவார்கள், அந்தப் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்புவார்கள். ஆலைக்குள் ஒரு விசித்திரமான மொழி உருவாகியிருக்கிறது. பாதி தமிழ், பாதி இந்தி, இயந்திரங்களின் இங்கிலீஷ் பேர், மீதிக்குப் பழைய சாடை. ரிங் ஃபிரேமின் இரைச்சலில் உள்ளூர்க்காரிகள் பழகிய கைப்பேச்சு, ஒடியா பேசுகிற பெண்ணுக்கும் சீக்கிரம் பிடிபடுகிறது. மிஷினைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்கு அது போதும். நேற்று ராத்திரி மேஸ்திரி என்ன சொன்னான் என்று சொல்வதற்குப் போதாது. அதற்கு ஒடியா தெரிந்த ஒருத்தி வரிசையில் வேண்டும். அவளையும் அந்த வரிசையே நம்ப வேண்டும்.

புகையிலைக் காடுகள் முற்றாகப் போய்விடவில்லை, ஆய்வு நிலையமும் இருக்கிறது. குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013இல் தமிழ்நாட்டில் தடை வந்தபின் அந்தப் பயிரை நம்பிப் பிள்ளையை வளர்க்க முடியாது என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். ஆகவே இந்தப் பெண்கள் இனி எங்கே வேலை பார்க்கப்போகிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

திண்டுக்கல் ஒப்பந்தம் தொட்டது ஒரே நிறுவனத்தின் ஆலைகளை. கரூர்ச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் அதற்கு வெளியே இருக்கும் நூற்பாலைகளின் மதில்கள் வந்துகொண்டே இருக்கும். சட்டையின் கழுத்தில் தைத்த லேபிளைக் காட்டித்தான் அந்தச் சங்கம் மூன்று பெரிய நிறுவனங்களை மேசைக்கு வரவழைத்தது. நூல் அப்படி இல்லை. கோனில் சுற்றித் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் வேறு எங்கெங்கோவும் போகும், பத்து ஆலையின் நூல் ஒரு கிடங்கில் சேரும், யார் வாங்கினார்கள் என்பது வியாபாரியின் நோட்டோடு நிற்கும். அந்த மதிலுக்குள் சைடு பார்க்கும் பெண் தன் பக்கத்துச் சைடுக்காரிக்காக வாய் திறந்தால், அவளுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி எந்தக் கம்பெனியின் கதவைத் தட்டுவது என்பதுதான் இப்போது அந்தச் சங்கத்துப் பெண்களின் முன்னால் இருக்கும் வேலை.